வலப்பக்கத்துப் பெட்டி

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இரண்டேகால் மணிக்குத் தொண்ணூற்றெட்டேகால் மணி நேரம் ஆகியிருந்தது. ஆகியிருந்ததா என்பதில்தான் நாச்சிமுத்துவுக்குக் குழப்பம். புதன்கிழமை லீவு போட்டுப் பகல் பன்னிரண்டுக்கு ஓட்ட ஆரம்பித்தது. வியாழன் பன்னிரண்டுக்கு இருபத்துநாலு, வெள்ளி நாற்பத்தெட்டு, சனி எழுபத்திரண்டு, இன்று பன்னிரண்டுக்குத் தொண்ணூற்றாறு, அதுவரை கணக்கு நேர்தான். ஆனால் வியாழக்கிழமை காலையில் இரண்டு மணி நேரம் கரண்ட் இல்லை என்று மனைவி வசந்தாமணி சொன்னாளே, அதைக் கழிக்க வேண்டாமா? வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவளுடைய பெரியப்பா மகன் கல்யாணப் பத்திரிகையோடு வந்து உட்கார்ந்தபோது சத்தத்தைக் குறைத்து வைத்தாரே, குறைந்த சத்தத்தில் ஓடிய முக்கால் மணி நேரம் முழுசாகச் சேருமா, பாதியாகச் சேருமா? ஸ்பீக்கர் கடைக்காரரிடம் இதைக் கேட்டிருக்க வேண்டும். கேட்டால் சிரிப்பார். சிரித்தால் சிரிக்கட்டும், ஓட்டச் சொன்னவர் அவர்தானே. முன்னறையில் அந்த இரண்டு புது ஸ்பீக்கர் பெட்டிகளும் ஒன்றையொன்று பார்த்தபடி நிற்க, மேலே தடிப் போர்வை மூடியிருந்தது. போர்வைக்குள்ளிருந்து மழை பெய்கிற மாதிரி ஒரே இரைச்சல், நிற்காத, ஏறாத, இறங்காத இரைச்சல். புது ஸ்பீக்கர் விறைப்பாக இருக்குமாம். நூறு மணி நேரம் இப்படி ஓட விட்டால் உள்ளே இருக்கிற தாள் இளகி, அதற்கப்புறம்தான் வாய் திறக்குமாம். கடைக்காரர் இந்த இரைச்சலைத் தனியாக ஒரு பென்டிரைவில் போட்டே கொடுத்திருந்தார். வசந்தாமணி முதல் நாளே பார்த்துவிட்டு, "புதுப் பொண்ணு மாப்ளையாட்டம் எதிரெதிரா ஒக்கார வெச்சுப் போர்வையும் போத்தி உட்டுட்டீங்க, இனி பேசிக்குவாங்க, நீங்க சாப்புட வாங்க" என்றாள். அவருக்குச் சிரிப்பு வந்தது. அன்றைக்கு வந்தது. இன்று கோழிக்குழம்பும் சோறும் சாப்பிட்டுவிட்டுப் பிளாஸ்டிக் நாற்காலியில் போர்வையைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறவருக்குச் சிரிப்பு வரவில்லை. நாலு மணிக்குப் போர்வையை எடுக்க வேண்டும். எடுத்தால் கேட்க வேண்டும். கேட்டால் தெரிந்துவிடும்.

தெரிய வேண்டியது ஒரே ஒரு விஷயம். புதன்கிழமை பெட்டிகளை ஸ்டூல் மேல் வைத்து முதன்முதலில் போட்டுப் பார்த்தபோது வலப்பக்கத்துப் பெட்டி அமுங்கிக் கேட்டது. போட்டது ஒரு பஜனைப் பதிவு; இடப்பக்கம் மிருதங்கம், வலப்பக்கம் ஜால்ரா. ஜால்ரா 'சிங்'கென்று விழ வேண்டாமா? துணியில் சுற்றித் தட்டின மாதிரி 'தொப்' என்று விழுந்தது. கடைக்காரருக்குப் போன் போட்டார். "நூறு மணி நேரம் ஓட்டுங்க சார், தொறந்துக்கும்" என்றார் அவர். எவ்வளவு நிம்மதி அந்தச் சொல்லில்! திறந்துகொள்ளும். பெட்டிதான் காரணம், பெட்டி புதுசு, புதுசு என்றால் அப்படித்தான். நாச்சிமுத்து இதை நம்பியதில் அதிசயம் ஒன்றும் இல்லை. இருபத்தாறு வருஷமாகக் கணபதி ஏரியாவில் ஒரு பம்ப்செட் கம்பெனியில் மோட்டார் டெஸ்டிங் பெஞ்சில் நிற்கிறவர். புதுப் பேரிங்கும் முதலில் கொஞ்சம் முணுமுணுக்கும், ஐந்து நிமிஷம் ஓட விட்டால் உள்ளே கிரீஸ் பரவி அடங்கிவிடும். ஓட விட்டுத்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும். மோட்டார் ஓடும்போது நீள ஸ்க்ரூ டிரைவரின் நுனியைப் பேரிங் மூடி மேல் ஊன்றி, பிடியை வலது காதோடு வைத்துக் கேட்பார். அவர் கேட்டுவிட்டுச் சாக்பீஸால் ஒரு டிக் போட்டால் அந்த மோட்டாரைக் கம்பெனியில் வேறு யாரும் திறந்து பார்ப்பதில்லை. மெஷின் வைத்துப் பார்க்கலாம் என்று ஒருமுறை பேச்சு வந்தபோது, "நாச்சிமுத்து காது இருக்குதே, அப்பறம் என்னத்துக்கு மெஷினு" என்று மேனேஜர் சௌந்தரராஜன் எல்லார் முன்னாலும் சொன்னார். அன்று வீட்டுக்கு வந்து மூன்று தோசை அதிகம் சாப்பிட்டது இப்போது ஞாபகம் வந்தது, ஏன் வந்தது என்று கோபமும் வந்தது. நேற்று சனிக்கிழமை நாற்பது மோட்டாருக்கு டிக் போட்டிருக்கிறார். நாளைக் காலை எட்டு மணிக்கு அந்த நாற்பதும் லாரி ஏறுகின்றன. நாற்பதும் அடங்கித்தான் ஓடின. ஒன்றுகூட முணுமுணுக்கவில்லை. நாற்பதில் ஒன்றுகூடவா? முன்பெல்லாம் நாற்பதுக்கு இரண்டு மூன்றையாவது ஓரமாகத் தள்ளி வைப்பாரே. இப்போது பேரிங் கம்பெனிக்காரன் நன்றாகச் செய்கிறான் போலிருக்கிறது. உலகத்தில் எதுதான் முன்னைவிட நன்றாகச் செய்யப்படுகிறது, பேரிங் மட்டும் நன்றாகச் செய்யப்படுமா? செய்யப்படலாம். ஏன் படக்கூடாது?

அன்னூர்ப் பக்கத்து ஆள் ஒருவர் போன மாதம் கம்பெனிக்கு வந்திருந்தார். அதை நினைக்கக்கூடாது என்று நாச்சிமுத்து நினைத்தார், நினைத்ததும் அந்த ஆள் வந்து நின்றுவிட்டார், தோளில் பச்சைத் துண்டோடு, செருப்பைக் கேட்டுக்கு வெளியிலேயே கழற்றிவிட்டு. மோட்டாரை டெம்போவில் தானே ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். "ரெண்டு மாசந்தானுங்க ஓடுச்சு" என்றார். சண்டை பிடிக்கவில்லை. பிடித்திருந்தால் பதிலுக்குப் பிடித்திருக்கலாம். பிரித்துப் பார்த்தால் பேரிங் பொடிப் பொடியாக இருந்தது. மூடியின் வெளிப்பக்கம் பெயிண்ட் உரியாமல் இருந்த இடத்தில் சாக்பீஸ் டிக் பாதி அழிந்து தெரிந்தது, அவருடைய டிக்தான், வால் மேலே வளைகிற டிக். "லாரில கொண்டு போறப்ப அடிபட்டிருக்குமுங்க" என்று நாச்சிமுத்து சொன்னார். அந்த ஆள் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "இருக்குமுங்க, நீங்க சொன்னாச் சரியாத்தான் இருக்கும்" என்று தலையை ஆட்டினார். வேறு மோட்டார் கொடுத்து அனுப்பினார்கள். அதோடு முடிந்தது. முடியவில்லை, அந்தத் தலையாட்டல் மட்டும் முடியவில்லை. அடிபட்டிருக்கலாம்தான், அந்த ரோட்டில் குழி அதிகம். ஆனால் அடிபட்ட பேரிங் ஒரு பக்கமாக நசுங்கும், இது சுற்றிலும் ஒரே சீராகத் தேய்ந்திருந்தது, முதல் நாளிலிருந்தே கத்திக் கத்தித் தேய்ந்த பேரிங். முதல் நாளே கத்தியிருந்தால் அவருக்குக் கேட்டிருக்குமே. கேட்டிருக்க வேண்டுமே. ஓடினால் சரியாகிவிடும் என்று சொல்கிறவன் செக்கரே இல்லை, கெட்ட பேரிங் ஓட ஓடச் சத்தம் கூடும், குறையாது என்று புதிதாக வருகிறவர்களிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பார்? அப்படியென்றால் ஸ்பீக்கர்? ஸ்பீக்கர் வேறு, பேரிங் வேறு. தாளும் இரும்பும் ஒன்றா? போர்வைக்குள் இரைச்சல் அதே மாதிரி பெய்துகொண்டிருந்தது, சுவர்க் கடிகாரத்தில் இரண்டு நாற்பது.

அப்பா இப்படித்தான் தலையை ஆட்டுவார். ஸ்பின்னிங் மில்லில் முப்பத்து மூன்று வருஷம்; மில்லில் வேலை பார்த்தவர்கள் வீடுகளிலெல்லாம் தெருவுக்கே கேட்கிற மாதிரிதான் பேசுவார்கள், அதை யாரும் குறையாக நினைத்ததில்லை. ரிட்டயராகி வந்தபிறகு அப்பா சத்தமாகப் பேசுவதையும் விட்டுவிட்டார். யார் என்ன சொன்னாலும் "ஆமாங், ஆமாங்" என்று சிரித்தபடி தலையை ஆட்டுவார். சொந்தக்காரர்களுக்கு அது வசதியாகப் போயிற்று. விவசாயக் காட்டைப் பாகம் பிரிக்கிற அன்று சித்தப்பா கிணறு யாருக்கு என்று படித்துக்கொண்டே போக, அப்பா நடுவில் உட்கார்ந்து "ஆமாங்" என்று ஆட்டினார். கிணறு போயிற்று. நாச்சிமுத்துவுக்கு அப்போது இருபது வயது. பக்கத்தில் நின்றுகொண்டு அப்பாவின் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும்போல இருந்தது. எத்தனை கேவலம்! கேட்கவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் என்ன, வாயில் கொழுக்கட்டையா? சொல்ல முடியாது போலிருக்கிறது. சொல்ல முடியாது என்பது இப்போது அவருக்குக் கொஞ்சம் புரிகிறது. புரிய என்ன இருக்கிறது, அவருக்கு ஒன்றும் இல்லையே. போன வாரம் டீ நேரத்தில் வைண்டிங் செக்‌ஷன் மருதாசலம் வலப்பக்கம் உட்கார்ந்து ஏதோ சொன்னான், எல்லாரும் சிரித்தார்கள், இவரும் சிரித்தார். என்ன சொன்னான்? கேண்டீனில் அந்த நேரத்தில் ஒரே கூச்சல், யாருக்குத்தான் கேட்கும்? மற்றவர்களுக்குக் கேட்டதனால்தானே சிரித்தார்கள். அல்லது அவர்களும் இவரைப் பார்த்துச் சிரித்தார்களோ, இவரைப் பார்த்து இன்னொருத்தர், எவனுக்குமே கேட்காமல் ஒரு மேஜையே சிரித்திருக்கலாம். இப்படி நினைத்ததும் அவருக்கே சிரிப்பு வந்து, சிரிப்பு பாதியில் நின்றது. பயமாக இருந்தது, நெஞ்சுக்குள் நிஜமாகவே பயமாக இருந்தது.

காதோரம் அரித்தது. இடது கையால் இடது காதருகே சொறிந்தபோது விரல்கள் உரசுவது 'சரசர'வென்று கேட்டது. வலது கை தானாக வலது காதுக்குப் போயிற்று. விரலை உரசினார். ஒன்றும் இல்லை. இல்லை, ஏதோ இருந்தது, லேசாக. வலது கை விரல் காய்ப்பேறியது, இரும்பு பிடித்த கை, அது எப்படிச் சரசரக்கும்? இடது கையைத் தலைக்கு மேலாகச் சுற்றிக்கொண்டு வந்து வலது காதருகே வைத்துப் பார்க்கலாமா என்று கையைத் தூக்கினார். தூக்கிய கையால் தலையைத் தடவிவிட்டு இறக்கிக்கொண்டார். பாருங்கள், இந்த மனுஷனுக்கு வழி தெரியாமல் இல்லை. பெஞ்சில் ஒரு மோட்டார் சந்தேகமாக இருந்தால் அதைத் தூக்கி அடுத்த ஸ்டாண்டில் மாட்டிப் பார்ப்பார்கள். சத்தம் கூடவே வந்தால் மோட்டாரில் கோளாறு, அங்கேயே நின்றால் ஸ்டாண்டில் கோளாறு. அதே மாதிரி இரண்டு பெட்டிகளையும் இடம் மாற்றி வைத்தால் ஒரு நிமிஷ வேலை. அமுக்கம் பெட்டியோடு இடப்பக்கம் போனால் பெட்டி; வலப்பக்கமே நின்றால் காது. புதன்கிழமையே செய்திருக்கலாம். நூறு மணி நேரம் ஆகாமல் சோதிப்பது நியாயம் இல்லை என்று வைத்துவிட்டார். பெட்டிக்கு ஒரு நியாயம் செய்ய வேண்டாமா? அதுவும் நன்றாகத்தானே ஆகிக்கொண்டு வருகிறது! தினமும் சாயங்காலம் வேலை விட்டு வந்ததும் போர்வையை எடுத்து, பெட்டிகளை ஸ்டூல் மேல் ஏற்றி, அரை மணி நேரம் அதே பஜனையைக் கேட்டு நோட்டில் எழுதியிருக்கிறார். பக்கத்தில் கிடந்த நோட்டை எடுத்துப் புரட்டினார். முதல் பக்கத்தில், பெஞ்சுப் பழக்கம் போகுமா, பெட்டிகளின் பின்னால் ஒட்டியிருந்த நம்பர்: கடைசி எண் ஏழு வலது, எட்டு இடது. புதன்: இடது நன்று, வலது அமுக்கம். வியாழன்: இடது அருமை, வலது கொஞ்சம் தேவலை. வெள்ளி: வலது திறக்கிறது. சனி: வலது இன்னும் நன்றாகத் திறந்திருக்கிறது. திறந்திருக்கிறதே! அவர் கையெழுத்துதானே, அவர் காதால் கேட்டு எழுதியதுதானே. இன்னும் கொஞ்சம் ஓடினால் முழுக்கத் திறந்துவிடும். இந்த எண்ணத்தில் மனம் சற்று இளைப்பாறியது, நாற்காலியில் சாய்ந்தார், கண் லேசாகச் சொருகியது.

"ஏனுங்க, நாலாயிருச்சு" என்று வசந்தாமணி காப்பி டம்ளரோடு வந்து நின்றபோது அவர் திடுக்கிட்டார். அவள் இடப்பக்கம் நின்றாள். எப்போதும் இடப்பக்கம்தான் நிற்கிறாளோ, எப்போதிலிருந்து? "இன்னும் ஆகல" என்றார். "நாலு மணிக்கு நிறுத்திப் போடுவேன்னு நீங்கதானுங்க சொன்னீங்க. காதுக்குள்ளயே பேஞ்சுட்டு இருக்குது. பக்கத்து ஊட்டக்கா கொழாய மூட மறந்துட்டயான்னு ரெண்டு வாட்டி கேட்டுப்போட்டாங்க." "கணக்கு இருக்குது புள்ள. வியாழக்கெழமெ ரெண்டு மணி நேரம் கரண்ட் இல்லைல்ல, அதச் சேத்தோணும். ஆறு மணி ஆகும். பத்திரிகை கொண்டாந்தப்பக் கொறச்சு வெச்சது வேற இருக்குது, ஏழுன்னு வெச்சுக்கலாம்." வசந்தாமணி டம்ளரை ஸ்டூல் மேல் வைத்தாள். போர்வையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "நான் ஒண்ணு சொன்னா வையக்கூடாது" என்றாள். அவர் தலையை ஆட்டினார். "வியாழக்கெழமெ கரண்டெல்லாம் போகலீங்க. நாந்தான் நிறுத்துனேன். மக்யா நாளு வெள்ளிக்கெழமெ, முன்னூடு கழுவி உட வேண்டாங்களா? தண்ணி பட்டாக் கெட்டுப்போயிருமேன்னு பொட்டி ரெண்டையும் எடுத்து உள்ரூமு கட்டல் மேல வெச்சுப்போட்டு, கழுவித் தொடச்சு, காஞ்சதுக்கு அப்பறமேல்ட்டுக் கொண்டாந்து வெச்சேன். தொடக்கூடாதுன்னு சொல்லீருந்தீங்களா, வைவீங்கன்னுட்டுக் கரண்டு போச்சுன்னேன். ஒயரெல்லாம் சரியாத்தான் மாட்டுனேனுங்க, செவப்புக்குச் செவப்பு, கருப்புக்குக் கருப்பு." நாச்சிமுத்து அவளை வையவில்லை. "எந்தப் பொட்டிய எந்தப் பக்கம் வெச்ச?" என்று கேட்டார், குரல் அவருக்கே அந்நியமாக இருந்தது. "எனக்கு எங்கீங்க தெரியும்? ரெண்டும் ஒண்ணாட்டந்தான இருக்குது."

எழுந்து போர்வையை எடுத்தார். இரைச்சல் பெரிதாயிற்று. அதை நிறுத்தத் தோன்றவில்லை. குனிந்து, முழங்கால் ஊன்றி, வலப்பக்கத்து ஒயர் போகிற பெட்டியின் பின்னால் ஒட்டியிருந்த சீட்டைக் கண்ணாடி இல்லாமல் படிக்க முயன்று, பிறகு கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு படித்தார். எட்டு. இடதைப் படித்தார். ஏழு. மறுபடியும் வலதுக்கு வந்தார், எண் மாறியிருக்குமோ என்கிற மாதிரி. மாறவில்லை. ஆக, புதன்கிழமை அமுங்கிக் கிடந்த பெட்டி வியாழக்கிழமையிலிருந்து இடப்பக்கம் இருக்கிறது, அதைத்தான் 'அருமை' என்று எழுதியிருக்கிறார். நன்றாக இருந்த பெட்டி வலப்பக்கம் வந்து 'கொஞ்சம் தேவலை' ஆகியிருக்கிறது. அமுக்கம் பெட்டியோடு போகவில்லை. வலப்பக்கத்திலேயே நின்றுகொண்டிருக்கிறது, ஸ்டாண்டில். தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். காது போயிற்று, சரி. அப்பாவுக்குப் போயிற்று, மில்லில் பாதிப் பேருக்குப் போயிற்று, இருபத்தாறு வருஷம் ஓடுகிற மோட்டாரில் கம்பியை ஊன்றி அதே காதில் வைத்தால் போகாமல் என்ன செய்யும்? அது அவ்வளவு வலிக்கவில்லை, வலிக்கும், நாளைக்கு வலிக்கும். இப்போது குடைந்தது வேறு. வெள்ளிக்கிழமை 'திறக்கிறது' என்று எழுதினாரே, அது என்ன? சனிக்கிழமை 'இன்னும் நன்றாக' என்று எழுதினாரே? எதுவுமே திறக்கவில்லை. ஜால்ரா நாலு நாளும் ஒரே மாதிரி 'தொப்' என்றுதான் விழுந்திருக்கிறது. அவர் அதைக் கேட்கவே இல்லை. கேட்க வேண்டும் என்று ஆசைப்பட்டதைக் கேட்டு, பேனாவை எடுத்து எழுதியும் வைத்திருக்கிறார். காது பொய் சொல்லவில்லை, காதுக்குச் சொல்ல ஒன்றுமே இல்லை. அந்த இடத்தில் உட்கார்ந்து பொய் சொன்னது அவர். சனிக்கிழமை பகலில் நாற்பது மோட்டார், சனிக்கிழமை சாயங்காலம் 'இன்னும் நன்றாக'. இரண்டும் ஒரே ஆள், ஒரே நாள். எந்த ஊர்க்காரரெல்லாம் அந்த நாற்பதைக் கிணற்றடிக்குக் கொண்டுபோய் மாட்டப் போகிறார்கள்? எத்தனை பேர் வந்து 'நீங்க சொன்னாச் சரியாத்தான் இருக்கும்' என்று தலையை ஆட்டிவிட்டுப் போவார்கள்? அதற்கு முந்தின சனிக்கிழமை, அதற்கு முந்தினது, அது எத்தனை, எங்கிருந்து எண்ணுவது? எண்ண முடியவில்லை. ஒருவேளை எல்லா மோட்டாரும் நன்றாகவே இருக்கலாம். இருக்கலாம். இருக்கலாம் என்பதற்கு டிக் போடுவது எப்படி? நாளைக் காலை ஏழே முக்காலுக்குப் போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்று ஒரு குரல் சொன்னது, அதற்குள் ஒருவேளை ஜலதோஷம் மாதிரி எதுவாவது இருந்து சரியாகிவிடலாம், ஒரு ராத்திரிதானே, ஒரு ராத்திரி தூங்கி எழுந்தால்... அந்தக் குரல் யாருடையது என்று அவருக்கு இப்போது தெரிந்துவிட்டது. நான்கு நாளாக நோட்டில் எழுதிக்கொண்டிருக்கிற அதே ஆள்.

"வையுங்க, வேணும்னா வைஞ்சுபோடுங்க, இப்படித் தரையில ஒக்காந்துட்டுப் பாக்காதீங்க" என்றாள் வசந்தாமணி. "அதில்ல புள்ள. இத நிறுத்து" என்றார். அவள் நிறுத்தினாள். நான்கு நாளுக்குப் பிறகு வீடு அமைதியானது, தெருவில் ஒரு ஸ்கூட்டர் போனது, அது இடது காதில் மட்டும் போனது. போனை எடுத்து மேனேஜர் சௌந்தரராஜன் பெயரை அழுத்தினார். மணி அடிக்க அடிக்க, எடுக்காவிட்டால் நல்லது என்று ஒரு பக்கம் இருந்தது. எடுத்துவிட்டார். "என்ன நாச்சிமுத்து, ஞாயித்துக்கெழமை அதுவுமா?" "சார், நேத்து நான் பாஸ் பண்ணுன நாப்பதையும் நாளைக்கு லாரில ஏத்த வேண்டாங்க." "ஏன், என்னாச்சு? எதுலயாவது சத்தம் வருதா?" நாச்சிமுத்து நிமிர்ந்து பார்த்தார். எதிரே வசந்தாமணி கையில் போர்வையோடு, பாதி மடித்தபடி நின்றிருந்தாள். அவளுக்கும் இது தெரியாது, அவளிடம்கூடச் சொல்லவில்லை. "எனக்கு எதுலயும் வரலீங்க சார், அதனாலதான் ஏத்த வேண்டாங்கறேன்" என்றார். மறுமுனையில் மேனேஜர் புரியாமல் ஏதோ கேட்டார். "வலது காது கேக்கறதில்லீங்க எனக்கு" என்றார் நாச்சிமுத்து. "எத்தன நாளா கேக்கலைன்னும் தெரியலீங்க." வசந்தாமணி போர்வையைக் கீழே போட்டுவிட்டு வந்து, அவருடைய வலது பக்கத்தில் உட்கார்ந்தாள்.